ஐம்பது பென்னிச் சுருளும் அதைப் பிரித்துப் பார்த்தவர்களும்

அண்மைக்காலம் வரை அமெரிக்க வங்கி ஒன்றுக்குப் போய் 25 டொலர் கொடுத்தால் ஒரு பெட்டி தருவார்கள். உள்ளே 50 காகிதச் சுருள்கள், சுருளுக்கு 50 பென்னி. மொத்தம் 2,500 குற்றிகள், ஆறு கிலோவுக்கு மேல் எடை. அதை வீட்டுக்குக் கொண்டுபோய், சாப்பாட்டு மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாக ஆண்டைப் பார்த்து, ஆண்டுக்குக் கீழே இருக்கிற சின்ன எழுத்தைப் பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திரும்பவும் வங்கியில் போட்டுவிடுவார்கள். போட்ட காசு அப்படியே திரும்பி வரும். போனது நேரம் மட்டும்தான்.

உலகத்திலேயே மலிவான வேட்டை இதுதான் எண்டு சொல்லலாம். தோற்றாலும் நட்டமில்லை. ஓவியமோ பழைய முத்திரையோ சேர்ப்பவருக்கு முதல் வேண்டும், பென்னி தேடுபவருக்கு வேண்டியது கண்ணும் பொறுமையும் ஒரு கைவில்லையும். யூடியூபில் இப்படிச் சுருள் பிரிக்கிற காணொளிகள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. மணிக்கணக்காக ஒருவர் பென்னி புரட்டுவதை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருப்பார். விசர் வேலை மாதிரித்தான் தெரியும். ஆனால் அமெரிக்காவின் இருபதாம் நூற்றாண்டை, போர், பஞ்சம், உலோக விலை, அரசாங்கத்தின் கஞ்சத்தனம் எல்லாவற்றோடும் சேர்த்து, சாதாரண ஆக்கள் கையால் தொட்டு வாசித்த ஒரு முறை இது. அந்த வாசிப்புக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

எங்கட ஊரில் "அஞ்சு சதத்துக்கும் பிரயோசனமில்லை" எண்டு திட்டும்போது மட்டும்தான் சதம் உயிரோடு இருக்கு. அமெரிக்கர்களுக்கு அவர்களின் ஒரு சதம், அதாவது பென்னி, 2025 வரை புதிதாக அச்சாகிக்கொண்டே இருந்தது.

1909இல் தொடங்குவோம். ஆபிரகாம் லிங்கன் பிறந்து நூறாவது ஆண்டு. அதுவரை அமெரிக்காவின் வழமையான புழக்கக் குற்றிகளில் உண்மையில் வாழ்ந்த ஒருவரின் முகம் இருந்ததில்லை. சுதந்திரத்தைக் குறிக்கும் பெண்ணுருவம், கழுகு, இப்படித்தான். ராசாவின் தலையைக் காசில் போடுவது குடியரசுக்கு ஆகாது என்ற எண்ணம் ஜோர்ஜ் வாஷிங்டன் காலத்தில் இருந்தே இருந்தது. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்டின் ஆதரவோடு அந்த வழக்கம் உடைந்தது. லிங்கனின் முகத்தைச் செதுக்கியவர் விக்டர் டேவிட் பிரெனர், லித்துவேனியாவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த யூதர். காசின் பின்பக்கம் இரண்டு கோதுமைக் கதிர்கள். அவற்றுக்குக் கீழே, விளிம்போடு, வி.டி.பி. என்று அவருடைய பெயரின் முதலெழுத்துகள்.

ஆகஸ்ட் 2ஆம் திகதி காசு வெளிவந்தது. சில நாட்களிலேயே சத்தம் கிளம்பியது: சிற்பி தன்ர பெயரைக் காசில் போட்டு விளம்பரம் தேடுகிறாரா? திறைசேரி உடனே எழுத்துகளை எடுத்துவிடச் சொன்னது. அதற்குள் பிலடெல்பியா நாணயசாலை ஏறத்தாழ 2 கோடி 80 இலட்சம் காசுகளை அடித்து முடித்திருந்தது. சான் பிரான்சிஸ்கோ நாணயசாலை அடித்ததோ 484,000 மட்டும். சான் பிரான்சிஸ்கோவில் அடித்த காசில் ஆண்டுக்குக் கீழே "எஸ்" என்ற எழுத்து இருக்கும், டென்வரில் அடித்ததில் "டி". பிலடெல்பியாவுக்கு எழுத்தே கிடையாது. "1909 எஸ் வி.டி.பி." என்ற பெயர் இன்றைக்கும் பென்னி தேடுபவர்களின் கனவு. ஒரு நிர்வாக முடிவு சில நாள் முந்தியிருந்தாலோ பிந்தியிருந்தாலோ இந்தக் கனவே இருந்திருக்காது.

ஆனால் 1909இல் சுருள் பிரித்துத் தேடிய கூட்டம் ஒன்று இருக்கவில்லை. நாணயம் சேர்ப்பது அப்போது வசதியானவர்களின் வேலை. பழைய ரோமானியக் காசு, தங்கக் காசு, இவைதான் சேகரிப்பு. புழக்கத்தில் இருக்கும் பென்னியை ஆண்டு ஆண்டாக, நாணயசாலை வாரியாகச் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் பரவலாக வந்தது 1930களில். அதைக் கொண்டுவந்தது ஒரு மட்டை.

விஸ்கொன்சின் மாநிலத்தில் நீனா என்ற சின்ன நகரம். ஜே.கே. போஸ்ட் என்பவர் 1934இல் ஒரு தடித்த மட்டையில் பென்னி அளவுக்கு வரிசை வரிசையாகத் துளைகள் போட்டு, ஒவ்வொரு துளைக்கும் கீழே ஆண்டையும் நாணயசாலை எழுத்தையும் அச்சடித்து விற்றார். விளையாட்டு இதுதான்: உங்கட மிச்சக்காசில் இருந்து எல்லாத் துளைகளையும் நிரப்புங்கோ பார்ப்பம். அதே மாநிலத்தின் ரசீன் நகரில் சிறுவர் புத்தகங்கள் அச்சிட்டுக்கொண்டிருந்த விட்மன் நிறுவனம் சீக்கிரமே இதை வாங்கிக்கொண்டது. பிறகு மட்டை மடிக்கக்கூடிய நீல அட்டைப் புத்தகமானது. விட்மனில் வேலை செய்த ஆர்.எஸ். யோமன் எழுதிய நாணய விலை வழிகாட்டி 1946இல் வந்தது. சேகரிப்பாளர்கள் அதைச் "சிவப்புப் புத்தகம்" என்பார்கள். அது இன்றைக்கும் ஆண்டுதோறும் வருகிறது.

அந்த மட்டையைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அது வந்த காலம் பெருமந்த காலம். 1933இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. வீட்டில் காசில்லாமல் இருக்கிற ஒரு குடும்பத்திடம், இருக்கிற சில்லறையை வைத்தே ஒரு விளையாட்டு விளையாடலாம் என்று சொல்கிறது மட்டை. அதோடு அவசரமென்றால் துளையில் இருந்து காசை எடுத்துப் பாண் வாங்கலாம். வேறெந்தச் சேகரிப்பிலும் இந்த வசதி இல்லை. இன்னொன்று, துளைக்குக் கீழே அச்சடித்திருந்த ஆண்டு. வெறும் துளை ஒன்றும் சொல்லாது. "1914 டி" என்று எழுதிய வெறுந்துளை மனிசரை நித்திரை கொள்ள விடாது. அதுவரை எல்லாப் பென்னியும் ஒரு பென்னிதான். மட்டை வந்தபிறகு சில பென்னிகள் "இல்லாத பென்னிகள்" ஆகின.

இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த ஒப்பீடு வருகிறது. 1931இல் சான் பிரான்சிஸ்கோ அடித்த பென்னிகள் 866,000. பொருளாதாரம் படுத்துக் கிடந்ததால் புதுச் சில்லறைக்குத் தேவையே இருக்கவில்லை, ஆனபடியால்தான் அவ்வளவு குறைவு. 1914இல் டென்வர் அடித்தது 11 இலட்சத்து 93 ஆயிரம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் 1931 எஸ்தான் அரிது. ஆனால் தேயாத, புதுக்காசு நிலையில் உள்ள 1914 டி அதைவிடப் பல மடங்கு விலை. ஏன்? 1931 காசு குறைவாக அடிக்கப்பட்டது என்பது அப்போதே வியாபாரிகளுக்குத் தெரிந்தது. புழக்கத்துக்குப் போகமுதலே நிறையப் பேர் எடுத்து வைத்துவிட்டார்கள். 1914இல் டென்வர் காசைத் திரும்பிப் பார்க்க ஒருவரும் இல்லை. அது சட்டைப்பைகளில் இருபது வருடம் தேய்ந்து, மட்டை வந்து ஆக்கள் தேடத் தொடங்கியபோது முகமில்லாமல் கிடைத்தது. எத்தனை அடித்தார்கள் என்பது அரசாங்கக் கணக்கு. எத்தனை தப்பின என்பது, யார் எப்போது கவனித்தார்கள் என்பதன் கணக்கு. ஆவணக் காப்பகத்தில் வேலை செய்யும் எவருக்கும் இந்த வித்தியாசம் தெரியும். ஆரும் பத்திரப்படுத்த நினைக்காத கடதாசிதான் முதலில் அழியும்.

பிறகு போர். 1943இல் செம்பு முழுவதும் குண்டு உறைகளுக்குத் தேவைப்பட்டது. பென்னி உருக்கில் அடிக்கப்பட்டு, மேலே நாகம் (துத்தநாகம்) பூசப்பட்டது. நூறு கோடிக்கு மேல் அடித்தார்கள். ஆக்கள் அதை வெறுத்தார்கள். பளபளவென்று இருந்ததால் பத்துச் சதக் குற்றி என்று மாறிக் கொடுத்துவிட்டார்கள், கொஞ்ச நாளில் துருவும் பிடித்தது. அடுத்த ஆண்டே செம்புக்குத் திரும்பினார்கள். ஆனால் 1942இன் செம்பு வட்டங்கள் சில இயந்திரங்களுக்குள் சிக்கிக் கிடந்து 1943இன் அச்சில் அடிபட்டு வெளியே போய்விட்டன. இன்றைக்குத் தெரிந்தவை மிகச் சில.

1947இல் மசசூசெற்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்பீல்ட் நகரில் 16 வயது மாணவன் ஒருவனுக்குப் பள்ளிக்கூடக் கன்டீனில் கிடைத்த மிச்சக்காசில் அப்படி ஒன்று வந்தது. ஹென்றி போர்ட் நிறுவனம் இந்தக் காசுக்குப் புதுக் கார் கொடுக்கும் என்று ஊரெல்லாம் ஒரு கதை உலாவியது. பையன் விசாரித்தான், கதை பொய். திறைசேரிக்கு எழுதிக் கேட்டான். 1943இல் அடித்த பென்னி எல்லாம் நாகம் பூசிய உருக்குத்தான் என்று பதில் வந்தது. காசு கையில் இருக்கிறது, அரசாங்கம் அப்படி ஒன்று இல்லை என்கிறது. அவன் அதை வைத்துக்கொண்டான், எழுபது வருடம். அவர் இறந்த பிறகு, 2019 ஜனவரியில், அது 204,000 டொலருக்கு ஏலம் போனது. இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது விலை அல்ல, அந்தக் கடிதம்தான். உத்தியோகபூர்வ பதிவேட்டில் இல்லாத ஒன்றை ஒரு பள்ளிக்கூடப் பையன் தன்ர கண்ணை நம்பிப் பாதுகாத்தான். (போலிகளும் வந்தன. உருக்குப் பென்னிக்குச் செம்பு பூசி விற்றார்கள். காந்தம் ஒட்டினால் போலி. 1948இன் எட்டைச் செதுக்கி மூன்றாக்கியவர்களும் உண்டு.)

1955 கதை இன்னும் நல்லது. பிலடெல்பியாவில் ஒரு அச்சைத் தயாரிக்கும்போது கொஞ்சம் திரும்பிய நிலையில் இரண்டாவது முறை அழுத்திவிட்டார்கள். அதில் அடித்த காசில் ஆண்டும் எழுத்தும் வெறுங்கண்ணுக்கே இரண்டாகத் தெரியும், கண் கலங்கிய மாதிரி. பிழை கண்டுபிடிக்கப்பட்டபோது இருபதாயிரத்துக்கும் மேல் மற்றக் காசுகளோடு கலந்துவிட்டன. முழுவதையும் உருக்குவதா, விடுவதா? விட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் சிகரெட் இயந்திரத்தில் 25 சதக் குற்றி போட வேண்டும், பெட்டி விலை 23 சதம். இயந்திரத்தால் மிச்சம் கொடுக்க முடியாது என்பதால் பெட்டியைச் சுற்றியிருந்த கண்ணாடித் தாளுக்குள்ளேயே இரண்டு பென்னியைச் செருகி வைப்பார்கள். அந்தப் பிழைக் காசுகளில் பல இப்படித்தான் மசசூசெற்ஸ், நியூயோர்க் பக்கம் ஆக்களின் கைக்குப் போனது. சிகரெட் வாங்கப் போனவருக்கு வரலாறு இலவசம்.

இதையெல்லாம் பார்த்து 1950களின் கடைசியிலும் 60களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் காசு தேடுவது ஒரு வெறியானது. சுருள் சுருளாக, மூட்டை மூட்டையாகப் புதுக்காசு வாங்கி அடுக்கினார்கள். 1964இல் நாடு முழுவதும் சில்லறைத் தட்டுப்பாடு. திறைசேரி விரல் நீட்டியது சேகரிப்பாளர்கள் மேல். 1965 நாணயச் சட்டத்தின்படி நாணயசாலை எழுத்துகளையே காசில் இருந்து எடுத்துவிட்டார்கள், தேடுவதற்கு ஒன்றும் இருக்கக்கூடாது என்று. 1964 என்ற ஆண்டையே 1965இலும் தொடர்ந்து அடித்தார்கள். எழுத்து திரும்பி வந்தது 1968இல்.

என்ர அபிப்பிராயம், இது பாதிதான் நியாயம். வெள்ளி விலை ஏறிக்கொண்டிருந்தது, விற்பனை இயந்திரங்கள் மூலைக்கு மூலை முளைத்துக் காசை விழுங்கின, நாணயசாலைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. மூட்டை பதுக்கிய வியாபாரியும் நீல அட்டையில் ஒரு துளை நிரப்பிய பிள்ளையும் ஒரே குற்றவாளி ஆக்கப்பட்டார்கள். காசில் பொய்யான ஆண்டைப் போட்டதோ அரசாங்கம்.

அடுத்த திருப்பம் செம்பு. 1973இல் செம்பு விலை ஏற, பென்னிக்குள் இருக்கும் உலோகம் ஒரு சதத்தைத் தாண்டிவிடுமோ என்று பயம் வந்தது. அலுமினியத்தில் அடிக்கலாம் என்று 1974 ஆண்டிட்டு 15 இலட்சம் வரை அடித்தும் பார்த்தார்கள். விற்பனை இயந்திரக்காரர் எதிர்த்தார்கள். பிள்ளை விழுங்கினால் எக்ஸ்ரேயில் தெரியாது என்று வைத்தியர்களும் சொன்னார்கள். எல்லாம் உருக்கப்பட்டன, காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு மாதிரி காட்டக் கொடுத்ததில் சில திரும்பி வராததைத் தவிர. கடைசியில் 1982இன் நடுவில் மாற்றம் வந்தது. 95 வீதம் செம்பாக இருந்த பென்னி 97.5 வீதம் நாகமாகி, செம்பு வெறும் மேற்பூச்சானது. 3.11 கிராம் எடை 2.5 கிராமானது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மேசையில் போட்டால் சத்தம் வேறு. செம்பு மணி மாதிரி ஒலிக்கும், நாகம் தட்டென்று விழும்.

மோசமான காசு நல்ல காசைப் புழக்கத்தில் இருந்து துரத்தும் என்று பொருளியலில் கிரெஷாம் விதி ஒன்று உண்டு. அதைச் சாப்பாட்டு மேசையில் பார்க்க வேண்டுமென்றால் இதுதான். செம்பு விலை ஏறிய ஆண்டுகளில் பழைய பென்னியின் உலோகம் இரண்டு சதத்துக்கும் மேல் பெறும். காசு தேடும் கூட்டத்துக்குள் ஒரு புது வகை வந்தது. இவர்களுக்கு ஆண்டும் அழகும் தேவையில்லை, செம்பா நாகமா என்பதே போதும். தானாகப் பிரிக்கும் இயந்திரம்கூட வைத்திருந்தார்கள். 2006 டிசம்பரில் அரசாங்கம் பென்னியை உருக்கவும் மொத்தமாக ஏற்றுமதி செய்யவும் தடை போட்டது. 5 வருடச் சிறை, 10,000 டொலர் வரை தண்டம். நாட்டைவிட்டுப் போகும் பயணி சட்டைப்பையில் 5 டொலருக்குத்தான் பென்னி, நிக்கல் சில்லறை கொண்டுபோகலாம். ஒரு சதக் காசைக் கடத்துவது குற்றமான நாடு!

தராசும் தேடுபவரின் ஆயுதமானது. 1982 ஆண்டிட்ட காசுகளை ஆண்டெழுத்தின் அளவு, நாணயசாலை, உலோகம் மூன்றையும் வைத்து ஏழு வகையாகப் பிரிப்பார்கள். எட்டாவது வகை, டென்வரில் சின்ன எழுத்தோடு செம்பில் அடித்தது, இருக்கவே முடியாது என்பது பொதுவான நம்பிக்கை. 2016இல் மினசோட்டாவில் ஒருவர் தன்னிடம் இருந்த 1982 பென்னிகளை நிறுத்துப் பார்த்தபோது ஒன்று 3.1 கிராம் காட்டியது. 1943 கடிதத்தின் கதை திரும்பவும்.

சரி, இவ்வளவு தேடல் நடந்த பிறகு ஒரு சுருளுக்குள் என்னதான் இருக்கும்? கோதுமைக் கதிர்ப் பென்னி 1958 வரைதான். 1959இல் பின்பக்கம் லிங்கன் நினைவு மண்டபமானது. இன்றைக்கு 2,500 காசுப் பெட்டியில் கோதுமைக் கதிர் சிலது கிடைத்தாலே நல்ல பெட்டி. ஏனென்றால் அந்தப் பெட்டியை நீங்கள் பிரிக்கமுதல் மூன்று தலைமுறை பிரித்துவிட்டது. 1930களில் மட்டைக்காரர் எடுத்தார்கள், 60களில் மூட்டைக்காரர் எடுத்தார்கள், 2000களில் செம்புக்காரர் எடுத்தார்கள். ஒவ்வொருவரும் தனக்கு வேண்டாததைத் திரும்பப் போட்டார்கள். கையில் இருக்கும் சுருள், மற்றவர்கள் வாசித்து முடித்துக் கீழே வைத்த பக்கங்கள். தேடுபவர்களுக்கு இது நல்லாகவே தெரியும். அதனால்தான் பெட்டி வாங்க ஒரு வங்கி, மிச்சத்தைக் கொட்ட வேறொரு வங்கி என்று வைத்திருக்கிறார்கள், தான் பார்த்த காசே தனக்குத் திரும்பி வராமல் இருக்க.

அதே காரணத்தால்தான் அவர்கள் இயந்திரம் சுற்றிய சுருளைவிடக் கையால் சுற்றிய சுருளைக் கேட்டு வாங்குகிறார்கள். கையால் சுற்றியது யாரோ வீட்டில் இருந்து வந்தது. ஒரு தாத்தா ஐம்பது வருடமாகப் போத்தலில் போட்டு வைத்த சில்லறை, அவர் செத்த பிறகு பிள்ளைகளால் எண்ணிக் கட்டி வங்கிக்குக் கொண்டுபோகப்பட்டிருக்கலாம். புழக்கத்தில் இருந்து விலகி நின்ற காசுதான் புழக்கத்தின் பழைய நிலையைக் காட்டும். இப்படி ஒரு சுருளுக்குள் 1930களின் காசுகள் வரிசையாக வந்தால் தேடுபவர் சந்தோசப்படுவார். அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு மரண வீடு இருக்கிறது.

1969இலும் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு இரட்டை அச்சுப் பிழை நடந்தது. அதே ஆண்டு இரண்டு பேர் போலி இரட்டை அச்சுக் காசு செய்து பிடிபட்டதால், உண்மையான பிழைக் காசுகளையும் இரகசிய சேவையினர் போலி என்று நினைத்துப் பறித்துக்கொண்டார்கள். எஞ்சியவை மிகச் சில. 2007இல் மிச்சிகனில் ஒருவர் 1969 எஸ் சுருள்களைப் பிரித்துப் பார்த்தபோது ஒன்று கிடைத்தது. அடுத்த ஆண்டு அது 126,500 டொலருக்கு விற்றது.

2025 நவம்பர் 12ஆம் திகதி பிலடெல்பியாவில் புழக்கத்துக்கான கடைசிப் பென்னி அடிக்கப்பட்டது. 1793இல் தொடங்கியது 232 ஆண்டுகளில் முடிந்தது. ஒரு பென்னி செய்ய 3.69 சதம் செலவு, ஆகவே கணக்குப்படி முடிவு சரிதான், அதில் வாதமில்லை. எனக்கு உறுத்துவது வேறு. கடைசிக் காசுகள் சிலவற்றில் ஒமேகா என்ற கிரேக்க எழுத்தைப் பொறித்து, 232 தொகுதிகளாக்கி ஏலத்தில் விற்றார்கள். 1909இன் 484,000மும், 1955இன் பிழையும், 1943இன் செம்பும் யாரும் திட்டமிடாமல் சிகரெட் பெட்டியிலும் கன்டீன் மிச்சத்திலும் ஆக்களைத் தேடி வந்தவை. ஒமேகா காசு எந்தச் சுருளிலும் வராது. அரிதாக்கியதும் அரசாங்கம், விலை வைத்ததும் அரசாங்கம், வாங்கியது வாங்கக்கூடியவர்கள்.

புழக்கத்தில் ஏறத்தாழ 30,000 கோடி பென்னி இருக்கும் என்று திறைசேரி மதிப்பிடுகிறது. அவை இன்னும் செல்லும். கனடா 2012இல் நிறுத்தியபோது வங்கிக்கு வந்த பென்னிகளை நாணயசாலை திரும்ப வாங்கி உருக்கியது. அமெரிக்கா அப்படி ஒரு மீளப்பெறும் திட்டத்தை அறிவிக்கவில்லை. ஆனாலும் பெரும்பாலானவை எங்கேயோ போத்தல்களுக்குள் கிடக்கின்றன. கடைசிப் பென்னி அடிக்க முன்னரே கடைகளில் தட்டுப்பாடு தொடங்கிவிட்டது. வீட்டுப் பென்னிகளைக் கொண்டுவந்தால் இரு மடங்கு பெறுமதிக்குப் பரிசு அட்டை தருவதாகச் சில சுப்பர்மார்க்கெட்டுகள் அறிவித்தன. ஆக்கள் போத்தல்களோடு வந்தார்கள். அதற்குள்ள என்னென்ன ஆண்டுகள் இருந்தன எண்டு பார்க்க, காசாளருக்கும் நேரம் இருந்திருக்காது, கொண்டுவந்தவருக்கும் இருந்திருக்காது.